மேற்கு பார்த்த ஹாலுக்கு ஜன்னல் ஃபிலிம்: கறுப்பா, செராமிக்கா, வேறு வழியா?

கேள்வி
எழுதியவர்: வேளச்சேரி மூன்றாம் மாடி

வணக்கம். சென்னை வேளச்சேரியில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு உள்ளது. ஹாலின் மேற்குப் பக்கத்தில் ஆறடி அகலமும் ஏழடி உயரமும் கொண்ட அலுமினிய ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு இருக்கிறது. அதற்கு வெளியே நாலடி ஆழத்துக்குக் கம்பிக் கைப்பிடி போட்ட பால்கனி. அதன் தலைக்கு மேல் அடுத்த மாடியின் பால்கனித் தளம். படுக்கையறையிலும் மேற்கு பார்த்த மர ஜன்னல் ஒன்று உண்டு. அதில் ஒரு பக்கம் சிறு புள்ளிகளாக மேடுள்ள பின்ஹெட் கண்ணாடி போட்டிருக்கிறார்கள்.

பங்குனி பிறந்துவிட்டால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஹாலில் உட்கார முடிவதில்லை. ஒன்றரை டன் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவுக்கு அருகில் கிடக்கும் சோபாவின் கைப்பிடி சுடுகிறது. வயதான என் தாயார் அந்த நேரத்தில் அங்கேதான் அமர்ந்து செய்தித்தாள் படிப்பார். கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு வெளிச்சத்தில் கண் கூசுகிறது. கனத்த திரையை இழுத்துவிட்டால் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

கண்ணாடியில் வெயிலைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டலாம் என்று இரண்டு பேரை அழைத்து விலை கேட்டேன். ஒருவர் கறுப்பு நிற ஃபிலிமைக் காட்டி, சதுர அடிக்கு 60 ரூபாய் என்றும், கறுப்பாக இருக்க இருக்க வெப்பம் குறையும் என்றும் சொன்னார். மற்றவர் ஏறத்தாழ நிறமே இல்லாத நானோ செராமிக் ஃபிலிமைக் காட்டி, சதுர அடிக்கு 220 ரூபாய் கேட்டார். அவர் ஒரு பெட்டிக்குள் விளக்கை எரியவிட்டு, அதன் முன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடித் துண்டை வைத்து, என்னைக் கையை நீட்டிப் பார்க்கச் சொன்னார். வெற்றுக் கண்ணாடியில் சுட்டது. அவருடைய கண்ணாடியில் சூடே தெரியவில்லை. வெப்பத்தில் 95 விழுக்காடு தடுக்கப்படும் என்று அவருடைய துண்டறிக்கையும் சொல்கிறது.

யார் சொல்வதை நம்புவது என்று தெரியவில்லை. ஹால் இருட்டாகிவிடக் கூடாது; எதிர் பிளாக்கில் இருப்பவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியக் கூடாது; ஃபிலிம் ஒட்டினால் கண்ணாடி வெடித்துவிடும் என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் உண்மை இருந்தால் அதையும் அறிந்துகொள்ள விரும்புகிறேன். வாகனங்களில் இந்த ஃபிலிமுக்குத் தடை இருப்பதைப் போல வீடுகளுக்கும் ஏதாவது சட்டம் உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1
எழுதியவர்: திருச்சிக் கட்டடக் கலைஞன்

விரிவாக எழுதியதற்கு நன்றி. ஃபிலிமைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். உங்கள் ஹாலில் சூடு எப்போது உச்சத்துக்குப் போகிறது? பிற்பகல் மூன்று முதல் ஆறு வரை கொதித்து, வெயில் இறங்கியதும் தணிந்துவிடுகிறது என்றால் அது கண்ணாடி வழியாக நேரே வரும் வெயில். இரவு ஒன்பது, பத்து மணிக்கும் அறை தகிக்கிறது என்றால் அது மேற்குச் சுவரின் வேலை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பகலில் வாங்கிய வெப்பத்தைப் பல மணி நேரம் கழித்துத்தான் உட்பக்கம் விடும். இரவு ஒன்பது மணிக்கு மேற்குச் சுவரில் ஒரு கையையும், இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஒரு கையையும் வைத்துப் பாருங்கள். மேற்குச் சுவர் தெளிவாகச் சுட்டால், எவ்வளவு விலையுள்ள ஃபிலிமும் அந்தப் பகுதியை ஒன்றும் செய்யாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஹாலில் குற்றவாளி கண்ணாடிதான் என்று தோன்றுகிறது. படுக்கையறையைப் பற்றி எனக்கு ஐயம் இருக்கிறது.

இனி அந்த இரண்டு விற்பனையாளர்களும் சொன்னதைப் பார்ப்போம். தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு; பாதிக்குச் சற்றுக் குறைவானது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்; மீதமுள்ள சில விழுக்காடு மட்டுமே புற ஊதா. கறுப்பு ஃபிலிம் விற்பவர் வெளிச்சத்தை மட்டும் குறைத்துவிட்டு வெப்பத்தைக் குறைத்ததாகச் சொல்கிறார். சாயம் ஏற்றிய மலிவான ஃபிலிம்கள் அகச்சிவப்பைப் பெருமளவு உள்ளே விட்டுவிடுகின்றன. அதனால் ஹால் இருண்டும் இருக்கும், சுட்டும் இருக்கும். இருட்டு என்பது குளிர்ச்சிக்கு அளவுகோல் அன்று.

செராமிக் விற்பவர் சொல்லும் 95 விழுக்காடு வேறு வகையானது. அது பெரும்பாலும் அகச்சிவப்புக்கு மட்டும் உரிய எண். அதிலும் சில நிறுவனங்கள் 780 முதல் 2,500 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள முழுப் பட்டையையும் அளக்காமல், தங்கள் ஃபிலிம் நன்றாகத் தடுக்கும் குறுகிய ஒரு பட்டையில் அளந்து பெரிய எண்ணைப் போட்டுவிடுகின்றன. விளக்குப் பெட்டிச் சோதனையும் இதே வழிதான். அந்த விளக்கு உமிழ்வது பெரும்பாலும் அகச்சிவப்பு. வெயில் அப்படி இல்லை. மேலும் நீங்கள் சில விநாடிகள்தான் கையை நீட்டினீர்கள். செராமிக் ஃபிலிம் அகச்சிவப்பில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதில்லை, தனக்குள் உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சிய வெப்பத்தில் கண்ணாடி மெல்லச் சூடேறி, அதில் ஒரு பங்கை அறைக்குள்ளேயே விடும். அந்தப் பங்கு, கையை எடுத்த பிறகுதான் தெரியத் தொடங்கும். இப்படிச் சொல்வதால் செராமிக் ஃபிலிம் மோசமானது என்று பொருளில்லை. அது நல்ல பொருள்தான். காட்டப்படும் எண்தான் உங்களுக்குப் பயன்படாத எண்.

பயன்படும் எண் ஒன்று இருக்கிறது. டிஎஸ்இஆர் என்று தொழில்நுட்பத் தாளில் அச்சிட்டிருப்பார்கள். கண்ணாடியில் விழும் மொத்தச் சூரிய ஆற்றலில், உறிஞ்சி உள்ளே விடுவதையும் கணக்கில் கொண்ட பிறகு, எத்தனை விழுக்காடு வெளியே நிற்கிறது என்பதை அது காட்டும். சில தாள்களில் அதற்குப் பதிலாக எஸ்எச்ஜிசி என்றிருக்கும். அது உள்ளே வந்துவிடும் பங்கு. இரண்டையும் கூட்டினால் ஒன்று வர வேண்டும். எஸ்எச்ஜிசி 0.45 என்றால் டிஎஸ்இஆர் 55 விழுக்காடு. இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டியது விஎல்டி, அதாவது வெளிச்சத்தில் எத்தனை விழுக்காடு உள்ளே வருகிறது என்னும் எண். உங்களுக்குத் தேவை டிஎஸ்இஆர் கூடுதலாகவும் விஎல்டி மிகவும் குறையாமலும் உள்ள ஃபிலிம்.

உங்கள் கதவுக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சித்திரை நடுவில் பிற்பகல் நாலரை மணிக்குச் சூரியன் சென்னையில் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 27 பாகை உயரத்தில் இருக்கும். நாலடி பால்கனித் தளம் அப்போது கதவின் மேல் இரண்டடிக்குத்தான் நிழல் தரும். கீழே ஐந்தடியில் வெயில் விழும். மூன்று மணிக்கு இதே தளம் நாலடிக்கு மேல் நிழல் தந்திருக்கும். ஆக, வெயில்படும் பகுதி நாலரை மணிக்கு 30 சதுர அடி, அதாவது 2.8 சதுர மீட்டர். மேற்குக் கண்ணாடியில் சதுர மீட்டருக்குச் சுமார் 600 வாட் விழுகிறது என்று கொள்வோம். தெளிவான சாதாரணக் கண்ணாடியின் எஸ்எச்ஜிசி 0.82 அளவில் இருக்கும். அப்படியானால் 1,380 வாட் உள்ளே வருகிறது. 0.45 உள்ள ஃபிலிமை ஒட்டினால் அது 760 வாட்டுக்கு இறங்கும். மிச்சமாகும் 620 வாட் உங்கள் ஒன்றரை டன் ஏ.சி.யின் குளிரூட்டும் திறனில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. ஃபிலிம் உண்மையில் தருவது இவ்வளவுதான். மின் கட்டணம் பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் தாயார் அமரும் இடத்தில், உடம்பில் நேரே படும் வெயிலும் சோபாவின் சூடும் குறைவது, அறையின் வெப்பமானியில் தெரிவதைவிட மிகுதியாக உணரப்படும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, செய்தித்தாள் படிக்கும் ஹாலுக்கு விஎல்டி 35 முதல் 50 வரை உள்ளதைப் பார்க்குமாறு சொல்வேன். புதிய குடியிருப்புக் கட்டடங்களுக்கென்று ஒன்றிய அரசின் எரிசக்திச் சிக்கனப் பணியகம் 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதாவிலேயே, சுவர்ப் பரப்பில் ஜன்னல் 30 விழுக்காட்டுக்குள் இருந்தால் கண்ணாடியின் விஎல்டி 27 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று வைத்திருந்தார்கள். உங்கள் கட்டடம் பழையது என்பதால் அந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த வரம்பு காரணத்தோடு வைக்கப்பட்டது. விஎல்டி 15, 20 என்று விற்கப்படும் கறுப்பு ஃபிலிமைத் தவிர்க்க அது போதுமான காரணம்.


மறுமொழி 2
எழுதியவர்: கண்ணாடி வேலை, அம்பத்தூர்

ஃபிலிம் ஒட்டும் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில், கண்ணாடி வெடிப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது வீண் பயம் அன்று. ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி வெயிலை உறிஞ்சிக் கூடுதலாகச் சூடாகும். வெயில்படும் நடுப்பகுதி விரிய முயலும். சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரமும் நிழலில் இருக்கும் பகுதியும் சூடேறாமல் அதைப் பிடித்து நிறுத்தும். அந்த இழுவையை ஓரம் தாங்காவிட்டால் அங்கிருந்து விரிசல் புறப்படும். கண்ணாடியை வெட்டியபோது ஓரத்தில் சிறிய சில்லு தெறித்திருந்தால் அந்த இடம்தான் முதலில் விடும். இப்படி வந்த விரிசலை அடையாளம் காண்பது எளிது. அது ஓரத்திலிருந்து செங்குத்தாகப் புறப்பட்டு, சிறிது தூரம் உள்ளே போன பிறகுதான் வளையும். கல்பட்டு உடைந்த கண்ணாடியைப் போல ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் பிரியாது.

மேலே நண்பர் போட்ட நிழல் கணக்கை நீங்கள் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். உங்கள் கதவின் மேல்பகுதி நிழலிலும் கீழ்ப்பகுதி வெயிலிலும் மணிக்கணக்கில் நிற்கிறது. பெரிய கண்ணாடி, பாதி நிழல், அதில் வெயிலை உறிஞ்சும் கறுப்பு ஃபிலிம் என்று மூன்றும் சேர்ந்தால் எந்த அனுபவமுள்ள ஆளும் தயங்குவான். எனவே முதலில் உங்கள் கதவில் இருப்பது டஃபன்ட் கண்ணாடியா (சூடேற்றி உறுதியாக்கியது), சாதாக் கண்ணாடியா என்று பாருங்கள். டஃபன்ட் என்றால் நான்கு மூலைகளில் ஏதோ ஒன்றில் அழியாத சிறு முத்திரை பெரும்பாலும் இருக்கும். அது சட்டத்துக்குள் மறைந்திருக்கவும் கூடும். அப்படியானால் போலராய்டு குளிர்க்கண்ணாடி அணிந்துகொண்டு மாலை வானத்தின் பின்னணியில் சாய்வாகப் பாருங்கள், திட்டுத்திட்டாக நிழல் தெரிந்தால் அது டஃபன்ட். டஃபன்ட் என்றால் இந்த வெடிப்புப் பயம் ஏறக்குறைய இல்லை. சாதாக் கண்ணாடி என்றால் ஃபிலிமின் தொழில்நுட்பத் தாளில் சோலார் அப்சார்ப்ஷன் என்று போட்டிருக்கும் எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே டிஎஸ்இஆர் உள்ள இரண்டு ஃபிலிம்களில் உறிஞ்சுவது குறைவாகவும் திருப்பி அனுப்புவது கூடுதலாகவும் உள்ளதை எடுப்பதுதான் பாதுகாப்பு. அந்தத் தாளே இல்லை என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

திருப்பி அனுப்பும் ஃபிலிம் என்றால் உலோகப் பூச்சு உள்ளது. அதிலும் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். மாலை வெயிலை அது எதிர் பிளாக்கின் ஜன்னல்களுக்கு அப்படியே திருப்பிவிடும், புகார் வரும். கட்டடத்தின் வெளித்தோற்றம் மாறுகிறது என்று குடியிருப்போர் சங்கங்களும் இதைத்தான் தடுக்கின்றன. மிதமான பளபளப்புள்ள வகைகளும் கிடைக்கின்றன. உலோகப் பூச்சு செல்பேசி அலையை ஓரளவு மங்கச் செய்யும். உங்கள் ஹாலில் ஏற்கெனவே சிக்னல் குறைவு என்றால் அதையும் யோசியுங்கள்.

எதிர் வீட்டுப் பார்வையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பகலில் வெளியே வெளிச்சம் மிகுதி, உள்ளே குறைவு. அதனால் வெளியிலிருந்து உள்ளே எளிதில் தெரியாது. இரவில் நீங்கள் விளக்குப் போட்டதும் இது அப்படியே தலைகீழாகிவிடும். இரவிலும் மறைக்கும் என்று சொல்லி விற்கப்படும் எந்தத் தெளிவான ஃபிலிமையும் நம்பாதீர்கள். இரவுக்குத் திரைதான்.

படுக்கையறைப் பின்ஹெட் கண்ணாடிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதன் ஒரு பக்கம் புள்ளி, மறு பக்கம் வழவழப்பு. புள்ளிப் பக்கத்தில் ஃபிலிம் பிடிக்காது. மேடுகளில் மட்டும் ஒட்டிக்கொண்டு, நடுவே காற்று நின்று, சில மாதங்களில் உரிந்து தொங்கும். நகத்தால் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். உள்பக்கம் புள்ளியாக இருந்தால் வெளிப்பக்கம் ஒட்டத்தக்க ஃபிலிம் தனியாக வேண்டும். அது விலை கூடுதல், வெயில் மழையில் ஆயுளும் குறைவு. அந்தச் செலவுக்கு அந்த ஒரு ஜன்னலின் கண்ணாடியையே மாற்றிவிடலாம் என்பது என் கருத்து.


மறுமொழி 3
எழுதியவர்: பெசன்ட் நகர் மாடித்தோட்டம்

மேலே எழுதிய இருவரும் சொன்னவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் வரிசை மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஃபிலிம் என்பது கண்ணாடிவரை வந்துவிட்ட வெயிலோடு மல்லுக்கட்டுவது. வெளியிலேயே நிறுத்தப்பட்ட வெயில் கண்ணாடியைத் தொடுவதே இல்லை. உறிஞ்சுவது, திரும்ப விடுவது, வெடிப்பது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. உங்களுக்கு நாலடி பால்கனி இருக்கிறது. மேல்தளத்தின் விளிம்பிலிருந்து கைப்பிடிக்குச் சற்றுக் கீழேவரை சுருட்டி ஏற்றும் மூங்கில் தட்டியைக் கட்டினால், மூன்று மணிக்கு இறக்கி ஆறு மணிக்கு ஏற்றிவிடலாம். குச்சிகளுக்கு நடுவே வெளிச்சம் சல்லடையாக வரும், கண்ணைக் கூசாது, உங்கள் தாயார் அதில் படிக்கலாம் என்றே நினைக்கிறேன்.

காற்றையும் மறக்கக் கூடாது. சென்னையில் கோடைப் பிற்பகலில் பெரும்பாலான நாட்களில் கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறுகிறது. உங்கள் வீட்டுக்குக் கிழக்கிலும் ஒரு ஜன்னல் இருந்தால், மேற்குக் கதவைத் திறந்துவைத்தால்தான் அந்தக் காற்று வீட்டைக் கடந்து போகும். ஸ்லைடிங் கதவைத் திறந்த கணமே ஃபிலிம் ஒட்டிய ஒரு பலகை மற்றொன்றின் பின்னால் போய் நின்றுகொள்ளும். திறந்த பாதியில் வெயில் நேராக உள்ளே வரும். தட்டி கட்டியிருந்தால் கதவு திறந்திருந்தாலும் நிழல் இருக்கும். ஏ.சி. போடாமல் சமாளிக்கக்கூடிய மாலைகள் சென்னையில் இன்னும் இருக்கின்றன. அவற்றை விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு எனக்கு உடன்பாடில்லை.

வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடச் சிலர் சொல்வார்கள். மதுரை, வேலூர்ப் பக்கம் காய்ந்த வெயிலில் அது அருமையாக வேலை செய்யும். சென்னையின் ஈரப்பதத்தில் நீர் எளிதில் ஆவியாகாது. ஏற்கெனவே உள்ள புழுக்கத்தோடு இன்னும் கொஞ்சம் புழுக்கம்தான் சேரும். உங்களுக்கு நனையாத தட்டியே போதும்.

உலோகப் பூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலுக்கு அருகே இருக்கும் எங்கள் வீட்டில் முன்பு ஒட்டிய உலோகப் பூச்சு ஃபிலிமின் ஓரங்களில், உப்புக் காற்றின் ஈரம் புகுந்து, கண்ணாடியின் விளிம்பு முழுவதும் பழுப்பு நிறத்தில் அரித்துக்கொண்டே உள்ளே வந்தது. வேளச்சேரி கடற்கரையிலிருந்து உள்ளடங்கியிருப்பதால் அவ்வளவு வேகமாக நடக்காது. ஆனாலும் பால்கனிக் கதவு என்பதால் ஓரங்களுக்குச் சீலண்ட் பூசித் தருவார்களா என்று கேளுங்கள்.


கேள்வி கேட்டவரின் பதில்
எழுதியவர்: வேளச்சேரி மூன்றாம் மாடி

மூவருக்கும் நன்றி. சொன்னபடி இரவு ஒன்பது மணிக்குக் கை வைத்துப் பார்த்தேன். படுக்கையறையின் மேற்குச் சுவர் நன்றாகவே சுடுகிறது. ஹாலில் மேற்குப் பக்கம் பெரும்பகுதி கண்ணாடியாகவே இருப்பதால் சுவர் என்று பேச அதிகம் இல்லை. ஸ்லைடிங் கதவின் எந்த மூலையிலும் முத்திரை தெரியவில்லை; குளிர்க்கண்ணாடியில் பார்த்தபோதும் திட்டுகள் தெரியவில்லை. பின்ஹெட் கண்ணாடியின் புள்ளிப் பக்கம் உள்ளேதான் இருக்கிறது.

மூங்கில் தட்டியைப் பற்றிச் சங்கத்தில் கேட்டேன். வெளிர் நிறத்தில், எல்லா வீடுகளும் ஏற்கத்தக்க ஒரே மாதிரியாக இருந்தால் தடையில்லை என்றார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகைக் காற்றிலும் மழையிலும் அது மூன்றாம் மாடியில் நிற்குமா என்ற கவலை எனக்கு இருக்கிறது. தாயாரால் கயிற்றை இழுத்து ஏற்றி இறக்கவும் முடியாது; பிற்பகலில் வீட்டில் அவர் மட்டும்தான் இருப்பார். தட்டியையும் ஃபிலிமையும் சேர்த்தே வைத்துக்கொள்வது வீண் செலவாகுமா?


மறுமொழி 4
எழுதியவர்: திருச்சிக் கட்டடக் கலைஞன்

வீண் செலவாகாது, ஆனால் இரண்டும் இருந்தால் மிக விலை உயர்ந்த ஃபிலிம் தேவைப்படாது. தட்டி இறங்கியிருக்கும் நாட்களில் வெயிலின் பெரும்பகுதியைத் தட்டியே நிறுத்திவிடும்; இறக்க மறந்த நாட்களிலும், மழைக்காலத்துக்காகக் கழற்றி வைத்த பிறகு வரும் வெயில் நாட்களிலும் ஃபிலிம் காவலுக்கு இருக்கும். பெசன்ட் நகர்த் தோழியார் சொன்ன வரிசையை நான் ஏற்றுக்கொள்கிறேன். தட்டியை முதலில் கட்டி ஒரு கத்திரி வெயிலைக் கடந்து பாருங்கள். தாயார் தனியாக இருக்கும் வீடு என்பதால், நீங்கள் காலையில் கிளம்பும்போதே இறக்கிவிட்டுப் போகலாம். மேற்குப் பக்கத்துக்கு முற்பகலில் நேர்வெயில் கிடையாது என்பதால் அதுவரை வெளிச்சம் சற்றுக் குறையும் என்பதைத் தவிர இழப்பு எதுவுமில்லை.

படுக்கையறைக்கு ஃபிலிம் வேண்டாம். சுவர் சுடுகிறது என்று நீங்களே கண்டுவிட்டீர்கள். அடுத்த முறை கட்டடத்துக்கு வெளிப்பூச்சு அடிக்கும்போது மேற்குப் பக்கத்துக்கு வெள்ளை அல்லது மிக வெளிர்ந்த நிறம் என்று சங்கத்தில் பேசுங்கள். உங்கள் வரிசையில் உள்ள ஐந்து வீடுகளுக்கும் அது நன்மை. அந்த ஜன்னலுக்கு இப்போதைக்கு வெளிப்புறம் பார்க்கும் பக்கத்தில் வெள்ளைத் துணி வைத்துத் தைத்த திரை போதும். வெள்ளைப் பக்கம் கண்ணாடியை நோக்கியிருந்தால் வெயிலில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். அடர்நிறத் திரை அதை வாங்கி அறைக்குள் வைத்துக்கொள்ளும்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று அளித்த தீர்ப்பு வாகனக் கண்ணாடிகளில் ஃபிலிம் ஒட்டுவதைப் பற்றியது. அது மோட்டார் வாகன விதிகளின் கீழ் வருவது; வீட்டு ஜன்னலுக்குப் பொருந்தாது. உங்களைக் கட்டுப்படுத்துவது சங்கத்தின் விதிகள் மட்டுமே.


மறுமொழி 5
எழுதியவர்: கண்ணாடி வேலை, அம்பத்தூர்

முத்திரையும் இல்லை, திட்டும் இல்லை என்றால் அது சாதாக் கண்ணாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். தட்டியோடு ஒரு கோடையைப் பார்த்த பிறகும் ஃபிலிம் வேண்டும் என்று தோன்றினால், முதலில் இரண்டு பலகைகளையும் டஃபன்ட் கண்ணாடியாக மாற்றிவிட்டு ஒட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். ஸ்லைடிங் பலகையைத் தண்டவாளத்திலிருந்து தூக்கிக் கழற்றி, கண்ணாடியை மட்டும் மாற்றலாம். சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. டஃபன்ட் கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால் அளவைச் சட்டத்துக்குள் போகும் பகுதியோடு சேர்த்து ஒருமுறைக்கு இருமுறை எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் எடை கூடினால் கீழே உருளும் சக்கரங்கள் தாங்குமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். தாயார் புழங்கும் இடம் என்பதால் எனக்கு இதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. டஃபன்ட் உடைந்தாலும் கூர்மையான பெரிய துண்டுகளாக விழாமல் சிறு மணிகளாகத்தான் உதிரும்.

ஒட்டும்போது அருகில் இருந்து பாருங்கள். கண்ணாடியைப் பிளேடால் வழித்துத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, உள்பக்கத்தில் ஃபிலிமை விரித்து, ரப்பர் கட்டையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தண்ணீரைத் தள்ளுவார்கள். நாலு பக்கமும் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெட்டியிருக்க வேண்டும். ஃபிலிம் சட்டத்தின் ரப்பரோடு முட்டிக்கொண்டிருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். ஸ்லைடிங் கதவு என்பதால் ஒரு பலகையின் ஃபிலிம் பக்கம் மற்றொரு பலகையின் சட்டத்திலோ பிரஷ்ஷிலோ உரசுகிறதா என்று ஒட்டுமுன்பே கதவை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேற்குக் கண்ணாடியைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். வெயில் ஏறிய கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் உடனே காய்ந்து, ஃபிலிமை நகர்த்திச் சரிசெய்ய நேரம் இருக்காது. ஒட்டிய பிறகு சில வாரங்களுக்குச் சின்னச் சின்ன நீர்க்குமிழ்களும் மங்கலும் தெரியும். அது தானாகக் காய்ந்துவிடும்; ஊசியால் குத்தாதீர்கள், ஒரு மாதத்துக்கு அதைத் துடைக்கவும் வேண்டாம். அதன் பிறகும் நிற்கும் குமிழுக்குள் தூசு இருக்கிறது என்று பொருள். அந்தப் பலகையை மாற்றித் தருவதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதில் ஃபிலிமின் பெயர், விஎல்டி, டிஎஸ்இஆர் மூன்றும் இருக்கட்டும். ஒட்டுவதற்கு முன் சுருளின் பெட்டியில் உள்ள பெயரோடு அதை நீங்களே ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.